கவனக்குறைவு என்று எழுதாத மனிதர்

காலையில் ஆபீஸ் கதவைத் திறந்து, பையை மேசைமேல் வைத்து, நாற்காலியில் முழுசாக உட்காரக்கூட இல்லை. பீரோவின் கீழ் இழுப்பறையில் முழங்கால் ணங்கென்று இடித்துக்கொண்டது. வலியில் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. எதிர் மேசைக்காரர் எழுந்து ஓடிவந்தார். பலமாகப் பட்டுவிட்டதா என்று கேட்பார் என நினைத்தேன். மனிதர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து இழுப்பறையைப் பார்த்தார்.

"இது ஏம்மா திறந்திருக்கு?"

"நேத்து மூட மறந்திருப்பேன் சார். வலி உயிர் போகுது."

"நீங்க மறக்கலை. மூடிட்டுத்தான் போனீங்க, நான் பாத்தேன். தானா வெளிய வந்திருக்கு. ஏன்?"

"எனக்கென்ன சார் தெரியும்?"

சட்டைப்பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்துத் தரையில் வைத்தார். ஐம்பத்திரண்டு வயது மனிதர் சட்டைப்பையில் கோலிக்குண்டு! அது பீரோவின் அடியிலிருந்து என் காலை நோக்கி நிதானமாக உருண்டு வந்தது. எங்கள் ஆபீஸ் ஓர் இரும்புக் கன்டெய்னர். அதன் ஒரு மூலை மண்ணில் இறங்கியிருந்தது. ஏன் இறங்கியது? அங்கே தண்ணீர் தேங்குகிறது. ஏன் தேங்குகிறது? தொட்டி நிரம்பி வழிகிறது. ஏன் வழிகிறது? தொட்டிக்குள் மிதக்கும் பந்து உடைந்திருக்கிறது. பத்தரை மணிக்கு நாலு பேர் ஜாக்கி வைத்துக் கன்டெய்னரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள், பிளம்பர் தொட்டிமேல் ஏறியிருந்தார், நான் வீங்கிய முழங்காலோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரு துண்டு ஐஸ்கட்டி. அதை மட்டும் யாரும் கொண்டுவரவில்லை.

அவர்தான் எங்கள் சைட்டின் பாதுகாப்பு அதிகாரி. எழுநூறு பேர் வேலை செய்யும் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் அவரை எல்லோரும் 'ஏன் சார்' என்றுதான் சொல்வார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே. அவரும் திரும்பிப் பார்த்து "என்னப்பா?" என்பார். கோபித்துக்கொள்ளவாவது தெரிகிறதா என்றால் அதுவும் இல்லை.

நான் அங்கே கிளார்க். வருகைப் பட்டியல், கடிதங்கள், ஸ்டோரிலிருந்து பொருள் கேட்டு எழுதும் இண்டென்ட் சீட்டுகள் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். மூன்று வருஷம் அவர் அறிக்கைகளை டைப் செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மனிதரோடு குப்பை கொட்ட ஒரு தனிப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது. எனக்கு வாய் முந்தும், கோபம் அதற்கும் முந்தும்.

ஒரு தடவை அவருடைய மனைவி ஏதோ சாவி வாங்க ஆபீசுக்கு வந்தார். "எப்படிங்க வீட்டுல சமாளிக்கறீங்க?" என்று கேட்டே விட்டேன். அந்த அம்மாள் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். "பால் பொங்கி வழிஞ்சா எல்லா வீட்டுலயும் அடுப்பைத் துடைப்பாங்க. எங்க வீட்டுல விசாரணை நடக்கும். பொண்ணு கணக்குல ஃபெயிலாயிட்டா. எந்த அப்பனும் ரெண்டு அதட்டு அதட்டுவான். இவரு அவளை உக்கார வச்சு ஏன் ஏன்னு கேட்டு, கடைசியில கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டாரு." அதையும் சொல்லிவிட வேண்டும், கண்ணாடி போட்ட பிறகு பெண் தேறிவிட்டாள். கரும்பலகை சரியாகத் தெரியாமல்தான் இருந்திருக்கிறது. ஆனால் அதற்காகப் பால் பொங்கினதற்கும் விசாரணையா!

விபத்து நடந்தால் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று தலைமை ஆபீசிலிருந்து அச்சடித்து வரும். 'விபத்துக்கான காரணம்' என்ற இடத்தில் மூன்று கட்டங்கள். ஒன்று, தொழிலாளியின் கவனக்குறைவு. இரண்டு, பாதுகாப்புச் சாதனம் அணியாமை. மூன்று, பிற. 'பிற' என்பதற்கு எதிரே ஒரு விரல் அகலத்துக்குக் கோடு. வேறு சைட்டுகளில் எல்லாம் முதல் கட்டத்தில் டிக் அடித்து அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். இவர் மூன்றாவதில் டிக் அடித்து, கூடவே நாலு பக்கம் இணைப்பார். அந்த நாலு பக்கத்தை டைப் செய்வது யார்? நான்தான்.

"கவனக்குறைவுன்னு எழுதினா என்ன சார் குறைஞ்சு போச்சு? கவனம் இல்லாமத்தானே விழறாங்க?" என்று ஒரு நாள் சண்டைக்கே போனேன்.

"அது காரணம் இல்லம்மா. அது திட்டு. ஒருத்தரைத் திட்டிட்டா எல்லாருக்கும் மனசு ஆறிடும். அப்புறம் யாரும் ஓட்டையைப் பாக்க மாட்டாங்க."

மழை கொட்டி வேலை நின்றுபோன ஒரு மத்தியானம் அவராகவே ஒன்று சொன்னார். சின்ன வயதில் அவர் சாரம் கட்டும் வேலையில் இருந்தவர். கூட வேலை செய்த ஒருவர் மேலிருந்து விழுந்தார். இடுப்பில் பெல்ட் கட்டியிருந்தார், ஆனால் அந்த இடத்தில் கொக்கியை மாட்ட ஒரு கம்பிகூடக் கிடையாது. "'கொக்கி மாட்டவில்லை'ன்னு எழுதிக்கிட்டு வந்து என்னைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. பொய் இல்லையேம்மா. மாட்டலதானே? போட்டேன். எட்டு நாள்ல அதே இடத்துல இன்னொருத்தர் விழுந்தாரு." சொல்லிவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். அவர் ஹெல்மெட் இல்லாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். நெற்றியில் கோடு பதிந்திருந்தது. நான் டீ வாங்கி வரப் போனேன்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். காலை பதினொரு மணி இருக்கும். மூன்றாம் மாடியில் சென்ட்ரிங் வேலை செய்பவர் ஒருவர், அதாவது கான்கிரீட் ஊற்றப் பலகை அடித்துக் கொடுப்பவர், தரையிலிருந்து ஒரு பிளைவுட் பலகையைத் தூக்கினார். தூக்கி ஓர் அடி எடுத்து வைத்தார். அப்படியே இரண்டாம் மாடியில் போய் விழுந்தார். குழாய்கள் இறங்குவதற்காகத் தரையில் விட்டிருந்த ஓட்டை அது. அவர் தூக்கிய பலகைதான் அதை மூடியிருந்த பலகை. உயிர் பிழைத்தார். இடுப்பெலும்பு முறிந்தது, மணிக்கட்டு நொறுங்கியது.

சைட் முழுக்க ஒரே பேச்சு. மூடியைத் தானே எடுத்து அதே ஓட்டையில் விழுவானா ஒரு மனுஷன்? சிரித்தவர்கள்கூட இருந்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை, அவருக்குத் தலைவலி. வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் அறிக்கை தலைமை ஆபீசுக்குப் போக வேண்டும். "பத்து நிமிஷ வேலை இது. முதல் கட்டத்துல டிக் போட்டு அனுப்புங்க. இதுக்கும் நாலு பக்கம் எழுத உக்காந்துடாதீங்க சார், கெஞ்சிக் கேக்கறேன்" என்று ஏன் சாரிடம் கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்த முதல் கட்டத்தில் ஒரு டிக் விழுந்தால் என்ன ஆகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கவனக்குறைவால் விபத்துக்குக் காரணமானவர் என்று பெயர் வந்துவிட்டால் கேட் பாஸ் ரத்து. இந்த சைட்டில் மட்டும் இல்லை, கம்பெனியின் எல்லா சைட்டிலும். பாஸ் இல்லாதவருக்குத் தகரக் கொட்டகையில் ரூமும் கிடையாது, ஒரு வாரத்தில் குடும்பத்தோடு காலி செய்ய வேண்டும். விழுந்தவருடைய மனைவியும் எங்கள் சைட்டில்தான் வேலை செய்தாள், கான்கிரீட் இறுகுவதற்குத் தண்ணீர் ஊற்றும் வேலை. ஒரு மகள், பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம்.

இவ்வளவும் தெரிந்தும் புதன்கிழமை காலையில் நான் வாயைக் கொடுத்தேன். "பாவம்தான் சார். ஆனா இருபது வருஷம் இதே வேலை பாத்தவரு. காலுக்குக் கீழ ஓட்டை இருக்கான்னு பாக்கத் தெரியாதா?"

ஏன் சார் எழுந்தார். வெளியே போனார். அரை மணி கழித்துக் கதவில் தலையை நீட்டினார். "அம்மா, ஒரு நிமிஷம் வாங்க. ஒரு பலகையை நகத்தணும்."

"நானா? வருகைப் பட்டியல் அப்படியே கிடக்கு சார்!"

"சின்னப் பலகைதான்."

பின்பக்கம் சிமெண்ட் தரையில் பாதி அளவுப் பலகை ஒன்று கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்ச் சுவரில் சாத்தச் சொன்னார். எழுநூறு பேர் சைட்டில் இதற்கு ஆள் கிடைக்கவில்லையா என்று முணுமுணுத்துக்கொண்டே குனிந்து, விளிம்பைப் பிடித்து நிமிர்த்தினேன். கைகள் இரண்டும் அகல விரிந்தன, முகத்துக்கு நேரே பலகை. சுவரை நோக்கி நடந்தேன்.

"நில்லுங்க. அப்படியே கீழ பாருங்க."

பலகையைச் சாய்த்துப் பார்த்தேன். பலகை கிடந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு செவ்வகம் போட்டிருந்தார். அதன் நட்ட நடுவில் 'ஓட்டை' என்று எழுதியிருந்தது. என் வலது கால் அந்த எழுத்தின்மேல் இருந்தது. இடது கால் உள்ளே வர அரை அடிதான் பாக்கி.

பயந்துபோனது அவருக்குத் தெரியக் கூடாது என்று, "முதல்லயே சொல்லியிருந்தா பாத்து வச்சிருப்பேன்ல?" என்று எரிந்து விழுந்தேன்.

"அதேதாம்மா. அவருக்கும் யாரும் சொல்லல" என்றார். பலகையை வாங்கிச் சுவரில் சாத்திவிட்டு மூன்றாம் மாடிக்குப் போய்விட்டார்.

மத்தியானம் வரை மேலும் கீழும் ஏறி இறங்கினார். அவ்வப்போது வந்து என்னிடம் ஒவ்வொன்றாகச் சொல்லி டைப் செய்யச் சொன்னார். ஏன் விழுந்தார்? பலகை மறைத்ததால் ஓட்டை தெரியவில்லை. ஏன் அந்தப் பலகையைத் தூக்கினார்? அது மூடி என்று தெரியவில்லை. ஓட்டை மூடிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து நாலு பக்கமும் ஆணி அறைய வேண்டும் என்பது சைட் வழக்கம், இது ஆணியும் இல்லாமல் பெயிண்டும் இல்லாமல் சும்மா கிடந்த பலகை. அப்படியானால் சிவப்புப் பலகை எங்கே? அதையும் கண்டுபிடித்துவிட்டார். மூன்றாம் மாடியில் நின்று டார்ச் அடித்து மேலே பார்த்திருக்கிறார். நாலாம் மாடியின் புதுக் கான்கிரீட்டைத் தாங்கிக்கொண்டு ஒரு பலகை, அடிப்பக்கம் சிவப்பாக இருந்தது. சென்ட்ரிங் ஆட்களே ஆணியைப் பிடுங்கி எடுத்துப் போய், அந்த இடத்தில் கைக்குக் கிடைத்த வேறு பலகையைப் போட்டிருக்கிறார்கள், அப்புறம் அடித்துக்கொள்ளலாம் என்று. சரி, ஏன் மூடியை எடுத்தார்கள்? பலகை பற்றவில்லை. கான்கிரீட் ஊற்றும் தேதியோ குறித்தாகிவிட்டது.

"ஏன் பத்தல?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு ஸ்டோருக்குப் போனார். இரண்டரை மணிக்குத் திரும்பி வந்தார். "மேஸ்திரி நாப்பது பலகைக்கு இண்டென்ட் எழுதிக் கொடுத்தாராம், பதினாறு நாளாச்சாம். ஸ்டோர்ல வரவே இல்லைங்கறாங்க. உங்ககிட்ட வந்துச்சாம்மா?"

என் கை டைப் செய்வதை நிறுத்திவிட்டது. "தேடிப் பாக்கறேன் சார்" என்றேன்.

தேட என்ன இருக்கிறது? அது என் இடது பக்கத் தட்டில், பழைய சுற்றறிக்கைகளுக்கு அடியில் இருந்தது. பதினாறு நாளைக்கு முன் மேஸ்திரி ஈரக் கையோடு அதைக் கொண்டுவந்து என் மேசைமேல் போட்டார். எந்த மாடிக்கு என்ற இடம் காலி. "இதை நிரப்பிக் கொடுங்க" என்றேன். "சும்மா உக்காந்துட்டுத்தானே இருக்கீங்க, நீங்களே நிரப்புங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சும்மாவா? நானா சும்மா உட்கார்ந்திருக்கிறேன்? இருக்கட்டும், பலகை வேண்டுமானால் தானாக வந்து கேட்பார், அப்போது நாலு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று தட்டில் தள்ளினேன். அவர் வரவில்லை. மேனேஜர் கையெழுத்துப் போடாமல் இழுக்கிறார் என்று நினைத்துக்கொண்டாராம். நானும் மறந்துபோனேன்.

இரண்டு எழுத்து எழுத வேண்டிய வேலை அது. 'நாலு' என்று எழுதி அனுப்பியிருந்தால் மறுநாள் பலகை மேலே போயிருக்கும்.

அந்தச் சீட்டைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது. அப்படி நினைக்கவில்லை என்று சொன்னால் நான் பொய்க்காரி. தட்டின்மேல் கை வைத்தபடி நான் உட்கார்ந்திருந்தபோதுதான் விழுந்தவருடைய மனைவி வந்தாள். உள்ளே வரவில்லை, வாசல்படியிலேயே நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா?"

"வா, உள்ள வந்து உக்காரு. எப்படி இருக்காரு?"

"ஆபரேஷன் முடிஞ்சுது. நாத்தனார் வந்திருக்கா, அவ கூட இருக்கா. நாலு மாசத்துல நடந்துடுவாருன்னு டாக்டர் சொல்றாரு. நடக்கறதுல பிரச்சினை இல்லக்கா. நடந்து எங்க போறதுன்னுதான் தெரியல." சேலை முனையை முறுக்கிக்கொண்டே கேட்டாள். "பாஸைப் புடுங்கிடுவாங்களாமே, நெசமா? இவரு பாத்து வைக்காம விழுந்தாருன்னு எழுதப் போறாங்களாம். அப்படி அசால்ட்டா வேலை செய்யற மனுஷன் இல்லக்கா அவரு."

"போ, நான் பாத்துக்கறேன்" என்று அதட்டுவதுபோலச் சொல்லி அனுப்பினேன். அன்பாகச் சொல்ல வரவில்லை.

சீட்டை எடுத்துக்கொண்டு போய் ஏன் சாரின் முன்னால் வைத்தேன். அவர் தேதியைப் பார்த்தார், காலி இடத்தைப் பார்த்தார், ஈரக் கைரேகை காய்ந்திருந்ததைப் பார்த்தார். பிறகு நான் பயந்தது போலவே நிமிர்ந்து அந்த ஒரே கேள்வியைக் கேட்டார்.

"கோவம் சார். திமிரு. மேஸ்திரி ஒரு சொல் சொன்னாரு, எனக்குப் பொறுக்கல. போதுமா?"

"கோவம் காரணம் இல்லம்மா, அது…"

"திட்டு! தெரியும் சார்! மூணு வருஷமா டைப் அடிக்கறேனே! ஒரே ஒரு தடவை திட்டித்தான் தொலையுங்களேன்!"

அவர் திட்டவில்லை. நோட்டைப் புரட்டினார். "ஒரு சீட்டு ஒரு மேசையில பதினாறு நாள் நின்னிருக்கு. ஸ்டோருக்குத் தெரியல, மேஸ்திரிக்குத் தெரியல, மேனேஜருக்குத் தெரியல. நின்னா யாருக்குமே தெரியாதபடி ஏன் வச்சிருக்கோம்?" என்று கேட்டுக்கொண்டே எழுதினார். அழுகையும் ஆத்திரமும் எனக்கு ஒன்றாக வந்தன. தப்பு செய்தவள் எதிரிலேயே நிற்கிறேன், இவர் காகிதத்தோடு பேசிக்கொண்டிருக்கிறார்!

அறிக்கை நாலு பக்கம் வந்தது. கடைசியில் மூன்று பரிந்துரைகள். நாற்பது பலகை உடனே வர வேண்டும். மூன்றாம் மாடியின் பதினோரு ஓட்டைகளுக்கும் ஆணி அறைந்து பெயிண்ட் அடிக்கும் வரை அங்கே யாரும் ஏறக் கூடாது. இண்டென்ட் எங்கே நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரிய ஒரு பலகையில் எழுதித் தொங்கவிட வேண்டும். என் பேரோ மேஸ்திரி பேரோ எங்கும் இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. அவர் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியை நானாகச் சேர்த்தேன். 'மேற்படி சீட்டை அலுவலகக் கிளார்க்காகிய நான் கோபத்தில் அனுப்பாமல் வைத்துக்கொண்டேன்.' அடித்து முடித்ததும் மனசு லேசானது. பெரிய தியாகம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

வியாழக்கிழமை காலை மேனேஜர் அறிக்கையைப் படித்தார். மூன்றாம் பக்கம் வந்ததும் முகம் மலர்ந்தது. சிவப்புப் பேனாவால் என் வரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "இதுதாம்மா காரணம்! இதைச் சொல்லவா நாலு பக்கம்?" மற்ற பக்கங்களைக் கழற்றி என் கையில் கொடுத்தார். படிவத்தின் முதல் கட்டத்தில் 'தொழிலாளியின்' என்பதை அடித்துவிட்டு 'கிளார்க்கின்' என்று எழுதி டிக் போட்டார். "அந்த ஆள் பாஸ் இருக்கட்டும், பாவம். உங்களுக்கு ஒரு மெமோ. நீங்களே டைப் பண்ணிக் கொண்டாந்துடுங்க."

எனக்கு வந்த மெமோவை நானே டைப் செய்தேன். 'தங்களது கவனக்குறைவால்' என்று தொடங்கியது. எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன்.

ஏன் சாரிடம் கழற்றிய பக்கங்களைக் கொடுத்தபோது அவர் குரல் உயர்ந்து நான் முதல்முதலாகக் கேட்டேன். "யாரைக் கேட்டு அந்த வரியைச் சேத்தீங்க?"

"உண்மைதானே சார்?"

"உண்மைதான். அதான் மேனேஜருக்கு வசதியாப் போச்சு! ஆள் கிடைச்சாச்சு, விசாரணை முடிஞ்சுது. நாப்பது பலகைக்குக் கையெழுத்து விழுந்துச்சா? வேலையை நிறுத்தக் கையெழுத்து விழுந்துச்சா?"

"விழுந்தவரு பாஸ் தப்பிச்சுதே சார். அது போதாதா?"

"பதினோரு ஓட்டைம்மா. நாளைக்கு அந்த மாடியில யாரு நடக்கப் போறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டால்கூட ஏச்சு வாங்க வேண்டியிருக்கிறதே! வேலையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கே காகிதத்தில் உண்டு, ஆனால் மேனேஜர் கையெழுத்து இல்லாமல் அந்தக் காகிதம் செல்லாது.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு நான் வந்தபோது மேலே எங்கோ சுத்தியல் சத்தம். எங்கெங்கோ பொறுக்கிய நாலு துண்டுப் பலகையை வைத்து ஏன் சார் தானே அறைந்துகொண்டிருக்கிறார் என்று காவல்காரர் சொன்னார். பதினோரு ஓட்டைக்கு நாலு பலகை. அந்த மனிதருக்குப் பைத்தியம்தான் பிடித்திருக்கிறது என்று நினைத்தபடி பையை வைத்தேன். வாசலில் விழுந்தவருடைய மனைவி நின்றாள். கையில் வாளி, தோளில் சுருட்டிய தண்ணீர்க் குழாய்.

"அக்கா, பாஸ் இருக்குன்னு சொன்னாங்க. நீங்கதான் பேசினீங்களாம். நல்லாருப்பீங்க."

நன்றி சொல்லுகிறாள், என்னிடம். "எங்க கிளம்பிட்டே? ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"நாத்தனார் இருக்காளே. மூணு நாளா மேல யாரும் தண்ணி ஊத்தல, கான்கிரீட் வெடிச்சுடும்னு மேஸ்திரி சத்தம் போடறாரு. தூண் எல்லாத்துக்கும் ஊத்தணும், மூணாம் மாடிக்குத்தான் போறேன்."

சொல்லிவிட்டுத் திரும்பினாள். தண்ணீர் நிரம்பிய வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு, குழாயை இழுத்துக்கொண்டு, பின்பக்கமாக நடந்து நடந்து தண்ணீர் ஊற்றுவார்கள் அந்த வேலையில். கீழே எதையும் பார்க்க மாட்டார்கள்.

"நில்லுடி!" என்று கத்தினேன். வாளியைப் பிடுங்கிக்கொண்டேன். இன்னொரு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்து, என்ன ஏது என்று அவள் கேட்கக் கேட்க, மேனேஜர் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். ஏன் சார் மேசையிலிருந்து கக்கத்தில் இடுக்கி வந்த, கழற்றிப் போட்ட பக்கங்களையும் நாற்பது பலகைச் சீட்டையும் அவர் முன்னால் வைத்தேன். மாடி எண்ணை நானே நிரப்பியிருந்தேன்.

அவர் சலித்துக்கொண்டார். "முடிஞ்சு போன விஷயத்தை ஏம்மா மறுபடி தூக்கிட்டு வர்றீங்க?"

"முடியல சார். இவ மேல போறா."

"யாரு இது?"

"செவ்வாக்கிழமை விழுந்தவரோட சம்சாரம். அதே மாடிக்குத் தண்ணி ஊத்தப் போறா. ஏழு ஓட்டை இன்னும் சும்மா கிடக்கு."

அவர் முகம் கொஞ்சம் மாறியது. ஆனால் என்ன சொன்னார் தெரியுமா? "சரி, இவங்களை அனுப்ப வேண்டாம். தண்ணி ஊத்த வேற யாரையாவது அனுப்பச் சொல்லுங்க."

"யாரை சார்?" என்று கேட்டேன். மேசையில் இருந்த வருகைப் பட்டியலை அவர் பக்கம் திருப்பினேன். "எழுநூறு பேரு இருக்காங்க. யாரு விழலாம்னு ஒரு பேரு சொல்லுங்க. இப்பவே டைப் பண்ணிடறேன்."

அவர் பட்டியலைப் பார்த்தார். என் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றவளைப் பார்த்தார். அவளுக்கு இப்போதுதான் எல்லாம் புரிந்திருக்க வேண்டும், என் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மேலே சுத்தியல் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. மேனேஜர் பேனாவைத் தேடினார், அவர் சட்டைப்பையிலேயே இருந்தது, எடுத்து மூடியைத் திறந்தார்.

இரண்டு கையெழுத்து. வேலையை நிறுத்த ஒன்று, பலகைக்கு ஒன்று. அவர் போட்டு முடித்து, மை காய்ந்து, நகல் என் கைக்கு வரும்வரை நான் அவளுடைய வாளியைக் கீழே வைக்கவில்லை.